முதல் அடியிலேயே முறிந்த நீதி

2025 ஜூன் 27. மதுரைக்கு அருகே, திருப்புவனத்தை அடுத்த மடப்புரம் காளி கோயிலுக்கு வந்தவரின் காரில் இருந்த நகையைக் காணவில்லை என்று புகார் எழுந்தது. கோயில் காவலாளியான இளைஞரைக் காவல்துறைத் தனிப்படை விசாரணைக்கு அழைத்துச் சென்றது. மறுநாள் அவர் உயிரோடு இல்லை. கோயிலின் பின்புறத்தில் சாதாரண உடையில் இருந்தவர்கள் அவரை அடிக்கும் காட்சி, மறைவிலிருந்து எடுத்த கைப்பேசிப் படமாக நாடெங்கும் பரவியது. உடற்கூறாய்வில் 44 காயங்கள் பதிவாயின. வழக்கே பதியாமல் தனிப்படை எப்படி விசாரித்தது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கேட்டது. காவலர்கள் கைதானார்கள், வழக்கு சிபிஐ வசம் போனது.

ஊரே கொதித்தது. ஆனால் கொதித்தவர்களிலும் பலர் சொன்னது ஒன்று உண்டு: “நாலு தட்டு தட்டினால்தான் திருடன் வாயைத் திறப்பான், சாகும் அளவுக்கு அடித்ததுதான் தப்பு.” மனத்தை உறுத்துவது இந்தச் சொல்தான். இதை ஏற்றுக்கொண்டால், பிழை அடியின் கணக்கில்தான் என்றாகிவிடும். நாற்பத்து நான்கு கூடாது, நான்கு கூடும் என்றாகிவிடும். அறம் இதை ஒருபோதும் ஏற்காது. குற்றம் மெய்ப்பிக்கப்படாத மனிதன்மேல் விழும் முதல் அடியிலேயே நீதி முறிந்துவிட்டது. நாற்பத்து நான்காவது அடி அந்த முறிவின் தொடர்ச்சி.

குற்றவியல் சட்டத்தின் அடிப்படை எளியது. தீய செயல் ஒன்று நடந்திருக்க வேண்டும். அதைச் செய்தவன் தீய எண்ணத்தோடு செய்திருக்க வேண்டும். இரண்டையும் ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்கும் சுமை அரசுத் தரப்பின் தலையில் இருக்கிறது. அதுவரை சந்தேகத்துக்கு உள்ளானவனும் நம்மைப் போன்ற குடிமகனே. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி குற்றம் சாட்டப்பட்ட எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசியல் சாசனத்தின் 20ஆவது பிரிவு. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்கிறது 22ஆவது பிரிவு. இவை குற்றவாளிகளுக்குக் காட்டிய சலுகைகள் என்று நினைப்பவர்கள், நாளை தம் வீட்டுக் கதவும் தட்டப்படலாம் என்பதை மறந்தவர்கள்.

இந்தப் பாடத்தை நம் மண் பல நூற்றாண்டுகளாகச் சொல்லி வருகிறது. அந்த மதுரையில், இதே போன்ற நகைத் திருட்டுப் பழியில் கோவலன் வெட்டுண்டான். சிலப்பதிகாரத்தின் அந்தக் காட்சியை அருகில் சென்று பார்க்க வேண்டும். அவனைக் கண்ட காவலர்களுக்கே அவன் கொலைக்குரியவனாகத் தெரியவில்லை. அதை அவர்கள் வாய்விட்டும் சொல்கிறார்கள். பழி சுமத்திய பொற்கொல்லன் சிரிக்கிறான். மந்திரம், மருந்து, நிமித்தம், தந்திரம் என்று கள்வர்க்குத் துணையாவன எட்டையும் அடுக்கி, இவர்களிடம் ஏமாந்தால் தப்பிவிடுவார்கள் என்று அச்சமூட்டுகிறான். ஒருவனின் கைவாள் பாய்கிறது. கோவலனிடம் இருந்த சிலம்பின் பரல் முத்தா மாணிக்கமா என்ற சோதனை அதற்குப் பிறகுதான் நடக்கிறது. சிலம்பை உடைத்துப் பார்க்கும் நேரம் கொலைக்கு முன்பும் இருந்தது. அந்தச் சிறு பொழுதைத் தராததுதான் பாண்டியன் செய்த பாவம். கள்வன் தானே என்று ஒப்பி அவன் உயிர்விட்டான்; ஆட்சியில் இருப்பவனின் குற்றப்பொறுப்புக்கு அதைவிடத் தெளிவான இலக்கணம் இல்லை. வாள் வீசியது வேறொரு கை; ஆணையிட்ட வாய் அவனுடையது.

வள்ளுவர் செங்கோன்மை அதிகாரத்தைத் தொடங்குவதே ஆராய்ச்சியிலிருந்துதான்: குற்றத்தை ஆராய்ந்து, எவர் பக்கமும் சாயாமல் முடிவு செய்வதே முறை என்கிறார். கொடியவரைக் கொன்று ஒறுப்பது பயிரைக் காக்கக் களை எடுப்பது போன்றது என்று அவர் சொல்வதும் அதே அதிகாரத்தில்தான். ஆனால் அது பத்தாவது குறள். தண்டனையைக் கடைசியில் வைத்த அந்த வரிசையிலேயே ஒரு நீதி இருக்கிறது. பத்தாவதை மட்டும் மேற்கோள் காட்டி முதலாவதை மறைப்பவர்கள், களை எது பயிர் எது என்று பாராமல் வயலில் அரிவாளோடு இறங்குபவர்கள்.

அடித்துக் கேட்பதற்கே இடம் தந்த நூல் கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம். அதுவே மாண்டவ்ய முனிவரை நினைவூட்டி எச்சரிக்கிறது: கள்வரல்லாத அவர், வேதனைக்கு அஞ்சித் தம்மைக் கள்வர் என்று ஒப்புக்கொண்டார். வலி உண்மையைக் கொண்டுவராது. கேட்பவன் விரும்பிய விடையைக் கொண்டுவரும். உண்மையான கள்வனும் நிரபராதியும் பத்தாவது அடியில் ஒரே சொல்லைத்தான் சொல்வார்கள்.

ஆங்கிலேயர் ஆட்சியும் இதை இங்கேதான் கண்டது. சென்னை மாகாணத்தில் நடந்த சித்திரவதைகளை விசாரித்த ஆணையம் 1855இல் அறிக்கை தந்தது. விரல்களை மரக்கட்டைகளுக்கிடையே வைத்து நெரிக்கும் ‘கிட்டி’ அதில் பதிவாகியிருக்கிறது. 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம், வாக்குமூலம் வாங்கக் காயப்படுத்துவதைத் தனிக் குற்றமாக்கியது. சட்டமே அங்கு எடுத்துக்காட்டும் தருகிறது: திருட்டுப் பொருள் இருக்கும் இடத்தைக் காட்டச் சொல்லி ஒருவனைச் சித்திரவதை செய்யும் காவல் அதிகாரி குற்றவாளி. இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 120ஆவது பிரிவிலும் அது அப்படியே இருக்கிறது. 165 ஆண்டுகளுக்கு முன்பே சட்டப் புத்தகத்தில் எழுதி வைத்த குற்றம் இது.

காவலரிடம் சொன்ன ஒப்புதல் நீதிமன்றத்தில் செல்லாது என்றது 1872இன் சாட்சியச் சட்டம். ஆனால் அதில் ஒரு வாசல் திறந்தே இருந்தது: அந்த வாக்குமூலத்தால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அதைக் காட்டித்தந்த பகுதி மட்டும் செல்லும். அதற்கு மாற்றாக வந்த புதிய சட்டத்திலும் அந்த வாசல் அடைபடவில்லை. “எங்கே வைத்தாய்?” என்ற கேள்வியோடு கை ஓங்கும் வழக்கத்துக்கு இது ஒரு காரணம். தடயத்தைத் தேடி அலைவது கடினம். அறைக்குள் ஒருவனை உட்காரவைத்து அடிப்பது சுலபம். சாட்சியச் சட்டத்தை வரைந்த ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபனே பிற்காலத்தில் இதை எழுதினார்: வெயிலில் அலைந்து சாட்சி தேடுவதைவிட, நிழலில் அமர்ந்து ஒருவன் கண்ணில் மிளகாய்ப் பொடி தேய்ப்பது சிலருக்கு வசதியாக இருக்கிறது என்று ஓர் அதிகாரி அவரிடம் சொன்னாராம்.

மறுபக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. நகையைப் பறிகொடுத்தவரின் கண்ணீரும் உண்மை. வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுபடுகின்றன. குறைந்த ஆட்களோடும் மேலிடத்து நெருக்கடியோடும் காவல் நிலையங்கள் திணறுகின்றன. அதற்கான மருந்து கூடுதல் ஆட்களும் நல்ல தடயவியலும் விரைவான நீதிமன்றமும்தான். மேலிடத்து ஆணை என்ற சாக்கும் நிற்காது. சட்டப்படியான ஆணைக்குக் கீழ்ப்படிந்தவனைச் சட்டம் காக்கும். அடி என்ற ஆணைக்குக் கீழ்ப்படிந்தவனைக் காக்காது.

ஒன்றை மறக்கக் கூடாது. கைதான காவலர்களும் இன்று குற்றம் சாட்டப்பட்டவர்களே. அவர்கள் குற்றமும் நீதிமன்றத்தில்தான் மெய்ப்பிக்கப்பட வேண்டும். அந்த இளைஞருக்கு மறுக்கப்பட்ட விசாரணை அவர்களுக்கு முழுமையாகக் கிடைக்க வேண்டும். அறம் ஆள் பார்த்து மாறாது. 2020இல் சாத்தான்குளத்துக் காவல் மரணங்களுக்கு அழுதோம். ஐந்தே ஆண்டுகளில் மடப்புரத்துக்கு அழுதோம். சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் 1997இல் கையெழுத்திட்ட இந்தியா, அதை இன்னும் உறுதிசெய்து ஏற்கவில்லை. அழுகையோடு நின்றுவிடும் சமூகம் அடுத்த சாவுக்கும் உடந்தை. “நாலு தட்டு” என்று பேசும் ஒவ்வொரு நாவும் ஓங்கிய கைக்கு வலு சேர்க்கிறது. அந்தச் சொல்லை நம் வீடுகளிலிருந்து விலக்குவதே முதல் கடமை.

சிலப்பதிகாரத்திலேயே வார்த்திகன் கதையும் இருக்கிறது. மகன் அணிந்திருந்த நகைகளைக் கண்டு பொறாமைப்பட்டவர்கள், அரசனுக்குரிய புதையலைக் கவர்ந்தான் என்று அந்தத் தந்தையைச் சிறையில் அடைத்தார்கள். அவன் மனைவி மண்ணில் விழுந்து புரண்டு அழுதாள். மதுரையில் காளியான கொற்றவையின் கோயில் கதவு திறக்க மறுத்தது. காரணத்தை ஆராய்ந்தறிந்த பாண்டியன், பிழை தன் ஆட்சியினுடையது என்று ஒப்பி மன்னிப்புக் கேட்டு, அவனுக்கு ஊர்களைத் தந்தான். பிறகுதான் ஊரெல்லாம் கேட்கும்படி கதவு திறந்தது. அன்று நகையால் வந்த பழிக்குக் காளி கதவை அடைத்தாள். இன்று அவள் சந்நிதியின் பின்புறத்திலேயே அடி விழுந்திருக்கிறது. மன்னிப்பும் இழப்பீடும் மட்டும் போதாது. பாண்டியன் முதலில் செய்தது ஆராய்ச்சி. அதை ஒவ்வொரு காவல் நிலையத்திலும், எவர்மேலும் கை படுவதற்கு முன்பே செய்யும் நாளில்தான் அந்தக் கதவு நமக்குத் திறக்கும்.