குரலும் பெயரும்

துப்பாக்கி உரிமம் பெற்றவர் மூன்று துப்பாக்கிகள் வரை வைத்திருக்கலாம் என்றிருந்த ஆயுதச் சட்டம், 2019 டிசம்பரில் இரண்டு எனத் திருத்தப்பட்டது. ஒன்றே போதும் என்றுதான் மசோதா முதலில் கூறியது. மக்களவை அதனைக் குரல் வாக்கெடுப்பில் நிறைவேற்றிற்று. குரல் வாக்கில் ஒலி மட்டுமே எழும்; எவர் எப்பக்கம் நின்றார் என்பது ஏட்டில் ஏறாது.

வாக்குச்சாவடியில் நம் வாக்கு இரகசியமானது. நம்மை அச்சத்தினின்று காப்பதற்காக அவ்வாறு வைத்தனர். ஆனால் அவையில் உறுப்பினர் அளிக்கும் வாக்கு நம் பெயரால் அளிக்கப்படுவது. உயிர் பறிக்கும் கருவியைப் பற்றிய முடிவில், கூட்டத்தின் ஒலிக்குள் ஒருவரது மனச்சான்று மறைந்துகொள்ளலாமா? பெயர்களைப் பதிவுசெய்யும் வாக்கெடுப்பைக் கோர அவை விதிகளில் வழியுண்டு.

வடசேரிச் சந்தையில் எடை பாராது நாம் எதையும் வாங்குவதில்லை. வாக்குக் கேட்டு வருபவரிடம், “ஐயா, அன்று தாங்கள் எப்பக்கம்?” என்று கேட்பதும் நம் கடமையே.