பரப்பும் பழுதும்

பெரியப்பா இறந்த பிறகு அவருடைய பொருள்களில் என் பங்குக்கு வந்தவை இரண்டு பைப்புகள். பழைய பிஸ்கட் டின் ஒன்றில், துணியில் சுற்றிப் பெரியம்மா எடுத்துக் கொடுத்தாள். "நீதான் புஸ்தகமும் கையுமா இருக்கிறவன், நீ வெச்சுக்கோ" என்றாள். பைப்புக்கும் புத்தகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்தாளோ. ஸார்த்தரும் ரஸ்ஸலும் பைப்போடு இருக்கும் பின்னட்டைப் படங்கள் பெரியம்மா வரை போய்ச் சேர்ந்திருக்க வழியில்லை. நான் புகைபிடிப்பவன் அல்ல. பெரியப்பாவின் நுரையீரலைத் தின்றது எது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆகவே புகையை விட்டுவிடுகிறேன். நான் பேச விரும்புவது மரத்தின் மேல்பரப்பைப் பற்றி.

இரண்டும் ஒரே வடிவம், ஒரே அளவு. ஒன்று வழவழப்பானது. தேன் நிறம், விளக்கடியில் பிடித்தால் மரத்தின் ரேகைகள் தீக்கொழுந்துபோல மேல்நோக்கி ஓடுவது தெரியும். மற்றது கறுப்பு. பாகற்காய்த் தோல்போல முழுக்கச் சொரசொரப்பு. முதலாவதை அவர் வாயில் வைத்து நான் பார்த்ததில்லை. துறைமுகத்திலிருந்து திரும்பி, கே.கே. நகர் வீட்டுவசதி வாரியக் குடியிருப்பின் மாடி வராந்தாவில் உட்கார்ந்து அவர் பிடித்ததெல்லாம் கறுப்பைத்தான். நல்லதை வைத்துக்கொண்டு ஏன் இதை என்று ஒருமுறை கேட்டேன். "அது பார்க்கிறதுக்குடா. இதுலதான் கை நிக்கும்" என்றார். கட்டைவிரல் படும் இடத்தில் மட்டும் சொரசொரப்பு தேய்ந்து, புளியங்கொட்டை அளவுக்கு ஒரு வழவழப்பு உண்டாகியிருந்தது.

இந்த வித்தியாசத்தின் காரணத்தைப் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். பைப் செய்யும் பிரையர் என்பது மத்தியதரைக் கடலோரம் வளரும் எரிக்கா அர்போரியா என்ற புதரின் வேர்முடிச்சு. பூமிக்கடியில் பல வருஷங்கள் பருத்து வளரும் இந்த முடிச்சு, வளர்கிறபோதே மணலையும் கற்பொடியையும் தனக்குள் வாங்கி மூடிக்கொள்கிறது. தோண்டி எடுத்து, பல மணி நேரம் வேகவைத்து, மாதக்கணக்கில் உலர்த்தி, கடைசலில் போடுகிறபோதுதான் உள்ளே குழி இருக்கிறதா இல்லையா என்பது தெரியும். பிரான்ஸின் ஸேன்-க்ளோதில் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து இந்தத் தொழில் நடக்கிறது. பழுதில்லாத கட்டை அபூர்வம். அதுதான் வழவழப்பாக்கப்பட்டு அதிக விலைக்குப் போகிறது. சின்னக் குழி என்றால் நம் தச்சர்கள் செய்வதுபோல மக்கு வைத்து அடைத்துச் சாயம் பூசுவார்கள். குழி பெரிதென்றால் மேல்பரப்பு முழுவதையும் சொரசொரப்பாக்கிவிடுவார்கள். எல்லா இடமும் குழியாகிவிட்டால் எது பழுது என்று யார் சொல்ல முடியும்?

இதிலும் இரண்டு மார்க்கம் உண்டு. ஒன்று மணல்வீச்சு. லண்டனில் ஆல்ஃப்ரெட் டன்ஹில்லின் 'ஷெல்' பைப் 1917-ல் இப்படி வந்தது. மணலைக் காற்றழுத்தத்தோடு வீசியடித்தால் மரத்தின் மெத்தென்ற பாகம் பறந்துபோய், கெட்டியான வளர்ச்சி வளையங்கள் மேடாக நிற்கும். இன்னொன்று, கையால் கருவி கொண்டு கொத்துவது. 1947-ல் கார்லோ ஸ்கோட்டி தொடங்கிய இத்தாலியக் காஸ்டெல்லோவின் 'ஸீ ராக்' இந்த ஜாதி. முன்னதில் மரம் தன் சரித்திரத்தைத் தானே சொல்கிறது. பின்னதில் வேறொருவர் அதன்மேல் ஒரு சரித்திரத்தை எழுதுகிறார். நாளடைவில் சொரசொரப்பைக் கேட்டு வாங்குகிறவர்கள் உண்டானார்கள். பழுதே இல்லாத கட்டைகளையும் கொத்த ஆரம்பித்தார்கள். மறைப்பதற்காக ஏற்பட்ட உபாயம் ஓர் அழகியலாகிவிட்டது.

பெரியப்பாவினுடையது கையால் கொத்தியது. அதைத் தெரிந்துகொண்ட அன்றிலிருந்து என்னை அது தொந்தரவு செய்யத் தொடங்கியது.

சொரசொரப்பின்மேல் எனக்கு ஒரு பட்சபாதம் உண்டு. அதில் பாதி என் தொழிலிலிருந்து வந்தது. வங்கிக் கவுண்டரில் 500 ரூபாய் நோட்டை வாங்குகிறவன் கண்ணால் பார்ப்பதற்கு முன்னால் விரலால் பார்க்கிறான். காந்தியின் உருவம் விரலில் தட்டுப்பட வேண்டும். அந்த மை காகிதத்தின்மேல் மேடாக நிற்கும்படி அச்சடிக்கப்பட்டது. வழுக்கினால் சந்தேகம். (ஆனால் மீன் மார்க்கெட்டுக்கும் டீக்கடைக்கும் நூறு தடவை போய்வந்த அசல் நோட்டும் வழுக்கத்தான் செய்கிறது. இதை நான் நெடுநாள் யோசிக்கவில்லை.) மறுபாதி இலக்கியத்திலிருந்து வந்தது. நம் சிறு வட்டத்தில் வழவழப்பு ஒரு வசைச்சொல். பெரும்பத்திரிகைத் தமிழ் வழுக்குகிறது என்கிறோம். மேடைத் தமிழ் வழுக்குகிறது என்கிறோம். சரிதான். அம்மி தேய்ந்துபோனால் மிளகாய் அரைபடாமல் சறுக்கும். கொத்துகிறவரைக் கூப்பிட்டாக வேண்டும். புதுக்கவிதைக்காரர்கள் தமிழ் அம்மியைக் கொத்தினார்கள் என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. ரோலான் பார்த்தும் 1957-ல் வந்த 'மிதாலஜீஸ்' நூலில் சித்ரோயன் கார் ஒன்றை வைத்து ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறார்: வழவழப்பு பூரணத்துவத்தின் அடையாளமாகிறது, ஏனென்றால் மனிதன் துண்டுகளை ஒட்டிச் சேர்த்த வேலை அதில் தெரிவதில்லை.

ஆனால் கொத்துவது அரைப்பதற்காக. அரைக்க ஏதும் இல்லாமலே கொத்தி வைத்த அம்மிகளும் நம்மிடையே பெருகிவிட்டன. வாக்கியத்தை நடுவில் முறிப்பது, வினைச்சொல்லை விழுங்குவது, ஓசை வந்துவிட்டால் வெட்கப்படுவது எல்லாம் பழகிப்போய், இன்று அவையே ஒரு புது வழுக்கல்.

இந்த எண்ணத்தோடுதான் சில வருஷங்களுக்கு முன் நண்பர் ஒருவரின் கவிதைத் தொகுதிக்கு மதிப்புரை எழுதினேன். கரடுமுரடான கவிதைகள். இந்த முரட்டுத்தனம் கவிதைக்குள்ளிருந்து வரவில்லை, மேலே கொத்தியிருக்கிறார், சுரண்டிப் பார்த்தால் உள்ளே இருப்பது மாதநாவல் சோகம் என்று எழுதினேன். உதாரணத்துக்கு ஒரு கவிதையை எடுத்து, அதன் முறிவுகளை நீக்கி, சாதாரண வாக்கியங்களாக அடுக்கியும் காட்டினேன். வட்டத்தில் பலர் பாராட்டினார்கள். அந்த மதிப்புரையை இப்போது படித்தாலும் அதில் தவறான வரி ஒன்றையும் என்னால் காட்ட முடியாது. நண்பர் அதற்குப் பிறகு எழுதவில்லை. அந்தச் சோகம் எதைப் பற்றியது என்பது எனக்குப் பின்னால் தெரியவந்தது. அதை இங்கே எழுத எனக்கு உரிமையில்லை.

பைப்புக்குத் திரும்புகிறேன். போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வீட்டில் யாரும் இல்லாத நேரம், கறுப்புப் பைப்பை எடுத்து உப்புத்தாளால் தேய்க்கத் தொடங்கினேன். கீழே என்ன பழுது என்று பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான். விமர்சகனின் ஆர்வம் என்று அப்போது எனக்கே சொல்லிக்கொண்டேன். ஏற்கனவே தேய்ந்திருந்த இடத்தில் ஆரம்பித்தால் சுலபம் என்று கட்டைவிரல் பள்ளத்தில் ஆரம்பித்தேன். முக்கால் மணி நேரத்தில் ஒரு பக்கம் முழுவதும் வழவழப்பாகிவிட்டது. குழி இருந்தது. கடுகைவிடக் கொஞ்சம் பெரிது. ஊசியால் நெருடியபோது ஒரு மணல் துணுக்கு வந்தது. பெரியப்பா பார்த்தே இராத ஏதோ ஒரு மலைச்சரிவின் மணல். கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் சுமார் ஒரு நிமிஷம் இருந்தது. பிறகுதான் உறைத்தது, இருபது இருபத்தைந்து வருஷம் ஒரு விரல் உட்கார்ந்த இடத்தை நான் அழித்திருக்கிறேன் என்று. மறுபக்கத்தைத் தொடவில்லை.

கொஞ்ச நாள் கழித்து, அலுவலக நண்பர் ஒருவர் தம் வீட்டுக்குப் பிள்ளையார் சொல்ல மாமல்லபுரம் போனபோது கூடப் போனேன். அங்கே சாலையோரப் பட்டறைகளில் ஒரே கருங்கல்லில் இரண்டு நிறம் இருப்பதைப் பார்க்கலாம். பாலீஷ் போட்ட உடம்பு கறுப்பு. உளித்தடம் விட்ட பீடமும் பிரபையும் சாம்பல் வெளுப்பு. இரண்டு கல்லை ஒட்டியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் பார்க்கிறவர் நினைப்பார். உளி பட்ட இடத்தில் கல்லின் மணிகள் நொறுங்கி ஒளியைச் சிதறடிக்கின்றன. இழைத்த இடத்தில் சிதறுவதில்லை. நிறத்தின் ரகசியம் இவ்வளவுதான். பட்டறைக்காரர் ஒரு குவளைத் தண்ணீரைப் பீடத்தின்மேல் ஊற்றினார். வெளுப்புக் கறுப்பாயிற்று. வெயிலில் காயக்காய மறுபடி வெளுத்தது. "எந்த நிறம் கல்லோட நிறம்?" என்று கேட்டேன். "ரெண்டும்தான் சார்" என்றார், என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டு. பிள்ளையாரின் விலையைப் பற்றி நண்பர் பேச ஆரம்பித்ததும் அவர் முகம் தெளிந்தது.

அந்தப் பதிலை நான் இன்னும் மென்றுகொண்டிருக்கிறேன். மேல்பரப்பு என்பது ஒரு மூடி, அதைத் திறந்தால் உள்ளே சத்தியம் உட்கார்ந்திருக்கும் என்ற நம்பிக்கையில்தான் என் விமர்சனம் முழுவதும் இதுவரை நடந்திருக்கிறது. ஆனால் கல்லை அறுத்தவர் யாரும் கல்லின் உள்ளைப் பார்த்ததில்லை. அறுத்தால் கிடைப்பது இன்னொரு மேல்பரப்பு. பைப்பைத் தேய்த்து நான் அடைந்ததும் இன்னொரு மேல்பரப்புத்தான், ஒரு குழியோடு. அந்தக் குழியை நான் கற்பனை செய்யவில்லை என்பதும் உண்மை. அதை மறைத்து விற்றவர் நாணயமாக நடந்தாரா என்ற கேள்வியும் அப்படியே இருக்கிறது. கல்லின் இரண்டு நிறத்தைக் காட்டி அதிலிருந்து நழுவ எனக்கு மனமில்லை. நண்பருடைய கவிதைகள் நல்ல கவிதைகள் என்று இப்போதும் சொல்லமாட்டேன். அந்த முறிவுகள் கடன் வாங்கியவைதாம். ஆனால், அவற்றை நீக்கி நான் அடுக்கிக் காட்டிய சாதாரண வாக்கியங்கள் அவருடையவை அல்ல, என்னுடையவை. உப்புத்தாள் பிடித்த கை என் கை. கொத்தின சொரசொரப்பைப் பிடித்துக்கொண்டுதான் அவர் அதைச் சொல்லியிருக்க முடியும். வழவழப்பில் அவருக்குக் கை நின்றிருக்காது. இதை அப்போது கவனித்திருந்தால் அதே கருத்தை வேறுவிதமாக எழுதியிருப்பேனா என்று கேட்டுக்கொள்கிறேன். எழுதாமலே இருந்திருப்பேனோ என்றும். இரண்டுக்கும் பதில் தெரியவில்லை.

போன மாதம் பெரியம்மா வந்திருந்தாள். மேஜைமேல் இருந்த பைப்பைக் கண்ணாடி போடாமலே கையில் எடுத்தாள். அவள் கட்டைவிரல் தானாகவே அந்த இடத்துக்குப் போயிற்று. கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தாள். பள்ளத்தைத் தேடுகிறாள் என்று எனக்குப் புரிந்தது. நான் எழுந்து காப்பி போடப் போனேன். திரும்பி வந்தபோது பைப்பைத் திருப்பி, சொரசொரப்பான பக்கத்தை மேலே வைத்திருந்தாள். "இது அந்தப் பைப்தானேடா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன்.