பள்ளிவாசலுக்கு நடக்கும் காலடிகள்

 

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜும்ஆ பயானில், "ஐவேளைத் தொழுகையே போதுமான தேகப்பயிற்சி; வேறு பயிற்சி நமக்கு எதற்கு?" என்று பேசினேன். ஜமாஅத்தார் தலையசைத்தார்கள். முதல் ஸஃப்பில் நிற்கும் ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்ல வார்த்தை சொன்னீங்க ஹஜ்ரத்! டாக்டர் தினமும் நடக்கச் சொல்லித் தொந்தரவு பண்றார். இனி அது வேண்டாம்" என்றார். அவருக்கு இரத்தக் கொதிப்பு இருந்தது எனக்குத் தெரியாது. நடையை நிறுத்தினார். உடம்பில் ஒரு குறையும் தெரியவில்லை என்று சில மாதங்களில் மாத்திரையையும் நிறுத்தினார். ஒரு நாள் சுப்ஹில் அவருடைய இடம் காலியாக இருந்தது. வலது கையும் காலும் விழுந்து, நாவும் குழறிவிட்டது. இன்று நாற்காலியில் அமர்ந்து தொழுகிறார். அவருக்கு என் மீது வருத்தமில்லை; எனக்கிருக்கிறது.

தொழுகை இபாதத். அல்லாஹ் கடமையாக்கினான் என்பதற்காகத் தொழுகிறோம். ருகூவும் ஸுஜூதும் மூட்டுகளுக்கு நல்லதுதான். ஆனால் கொதிப்புக்காரருக்கு மருத்துவர் சொல்லும் பயிற்சி வேறு. மூச்சு சற்று வாங்க வேண்டும். பேச முடிய வேண்டும், ராகமிட்டு ஓத முடியக் கூடாது. அந்த வேகத்தில் தினம் அரைமணி, வாரம் ஐந்து நாள், ஆக 150 நிமிடம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்த அளவு. விடாமல் நடந்தால் கொதிப்பின் மேல் அளவு பெரும்பாலும் 5 முதல் 8 வரை இறங்கும். நடையை விட்டால் அந்தப் பலனும் சில வாரங்களில் போய்விடும். குறைவாயினும் நிலையாகச் செய்யும் அமலே அல்லாஹ்வுக்குப் பிரியமானது என்ற கருத்தில் அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கும் ஹதீஸை நாம் நஃபிலான வணக்கங்களுக்கு மட்டுமே சொல்லிப் பழகிவிட்டோம்.

நாயகம் (ஸல்) அவர்கள் சனிக்கிழமைதோறும் குபா பள்ளிக்குச் சில வேளை நடந்தும், சில வேளை வாகனத்திலும் செல்வார்கள். மதீனாப் பள்ளியிலிருந்து அது மூன்று கிலோமீட்டருக்கு மேல். பனூ ஸலிமா கூட்டத்தார் பள்ளிக்கு அருகே குடிவர விரும்பியபோது, இருக்கும் இடத்திலேயே இருங்கள், உங்கள் காலடிகள் எழுதப்படுகின்றன என்ற கருத்தில் தடுத்தார்கள். நாமோ இரண்டு தெரு தாண்டிய பள்ளிக்கு ஸ்கூட்டரில் வருகிறோம்!

பெண்கள் எப்படி நடப்பது என்று கேட்பார்கள். அன்னை ஆயிஷாவுடன் நாயகம் (ஸல்) ஓட்டப்பந்தயமே ஓடியிருக்கிறார்கள். மனைவியை அழைத்துக்கொண்டு நடக்க வெட்கப்படும் கணவர்கள் இதை யோசிக்கட்டும். முடியாவிட்டால் மொட்டை மாடி இருக்கிறது. அடுக்களையில் இன்னொரு வேலையும் உண்டு: உப்பு ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் நிற்க வேண்டும். கருவாடு, ஊறுகாய், அப்பளம் எல்லாம் அந்தக் கணக்கில்தான் சேரும்.

மாத்திரை சாப்பிடுவது தவக்குலுக்குக் குறைவு என்று எண்ணுவோர் இன்னும் இருக்கிறார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் இது. நடந்தாலும் மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது. ரமளானில் வேளை மாற்ற வேண்டுமானால் முன்னதாகவே டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். அளவு 180க்கு மேல் இருப்பவர் டாக்டரைப் பார்க்காமல் பயிற்சியைத் தொடங்கக் கூடாது. மூச்சைப் பிடித்துப் பாரம் தூக்குவதும் ஆகாது. மாத்திரை எடுப்பவருக்கு ஸுஜூதிலிருந்து எழும்போது தலை சுற்றினால் நிதானமாக எழட்டும். நிற்க இயலாதவருக்கு உட்கார்ந்து தொழ அனுமதி உண்டு.

எனக்கு முப்பத்தைந்து வயதுதானே என்றிருந்தேன். சென்ற மாதம் பள்ளியில் நடந்த மருத்துவ முகாமில் பார்த்தபோது 148/96. ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோதும் 140/90க்குக் கீழே இறங்கவில்லை. இப்போது அஸருக்குப் பின் அந்தப் பெரியவரை அவர் மகன் கைத்தாங்கலாகத் தெருமுனை வரை நடத்திச் செல்கிறார். அதுவரை நானும் கூடப் போகிறேன். அங்கிருந்து அவர்கள் திரும்புகிறார்கள். நான் கபுர்ஸ்தானைச் சுற்றி மஃக்ரிபுக்குள் வந்துவிடுகிறேன்.