அளவை சுருங்கினால் கடன் தீருமா?

கள்ளாமை என்னும் அணுவிரதத்திற்கு நேரும் இழுக்குகள் ஐந்தினை உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் கூறுகின்றார். அவற்றுள் ஒன்று, கொள்ளும்போது ஓர் அளவையும் கொடுக்கும்போது வேறோர் அளவையும் கையாளுதல். இதனைப் படிக்கையில் நாம் சந்தை வணிகரையே எண்ணுகிறோம். கடனாகப் பெற்ற நெல்லைச் சிறிய மரக்காலால் திருப்பி அளப்பவரையும் எண்ணலாம். ஆனால் மரக்காலை அரசே சிறிதாக்கிவிட்டால், அதனால் அளந்து கொடுத்தவருக்கு இழுக்கு உண்டா?

இது வெறுங்கற்பனை அன்று. முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மானியர் இவ்வினாவை எதிர்கொள்ள நேர்ந்தது.

1914-இல் போர் மூளுமுன் ஓர் அமெரிக்க டாலரின் விலை 4.20 மார்க். போர்ச் செலவை ஜெர்மன் அரசு வரியால் ஈடுசெய்யாது, பெரும்பாலும் குடிமக்களிடம் கடன் வாங்கியும் நோட்டு அச்சிட்டும் சமாளித்தது. தோல்விக்குப் பின் இழப்பீட்டுச் சுமையும் சேர்ந்தது. 1923 ஜனவரியில் பிரெஞ்சு, பெல்ஜியப் படைகள் ரூர் பகுதியில் புகுந்தன. அவர்களுக்காக உழைக்க மறுத்த தொழிலாளரை அரசு மேலும் மேலும் நோட்டு அச்சிட்டே காத்தது. அவ்வாண்டு நவம்பரில் டாலரின் விலை 4 லட்சத்து 20 ஆயிரம் கோடி மார்க். பூஜ்யத்திற்குத் தனி மதிப்பில்லை என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிய நமக்கு, அப்பாடத்தை அரைகுறையாகவே நடத்தினோமோ என்று தோன்றுகிறது.

போருக்கு முன் ஒருவர் தம் வீட்டை அடமானம் வைத்து 10,000 மார்க் பெற்றார் எனக் கொள்வோம். 1923 நவம்பர் நடுவில் ஓர் உள்நாட்டுக் கடிதத்திற்கு ஒட்டும் தபால்தலையே ஆயிரம் கோடி மார்க். அந்தத் தபால்தலையில் பத்து லட்சத்தில் ஒரு பங்கைக் கொடுத்து அவர் வீட்டை மீட்டுக்கொள்ளலாம். மார்க்குக்கு மார்க் சரி என்பதே அன்றைய சட்டம். கடன் கொடுத்திருந்த முதியோரும் கைம்பெண்களும் வாழ்நாள் சேமிப்பை இழந்தனர். எல்லாரினும் பெரிய கடனாளி அரசுதான். அதன் உள்நாட்டுப் போர்க்கடன் 15,400 கோடி மார்க், 1923 நவம்பர் 15 அன்று, 1914-ஆம் ஆண்டு மதிப்பில் 15.4 பென்னிக் ஆயிற்று. நூறு பென்னிக் சேர்ந்தது ஒரு மார்க்!

கொடாததைக் கொள்ளுதலே களவு என்பது சூத்திரம். கடன் கொடுத்தவர் பணத்தைப் பெற்றுக்கொண்டு ரசீது எழுதித் தந்தாரே, அது கொடுத்தது ஆகாதா என்று கேட்கலாம். நாம் அதனை ஏற்க இயலவில்லை. சட்டத்திற்கு அஞ்சிக் கை எழுதியதை மனம் கொடுத்ததாகக் கொள்வது எங்ஙனம்?

எனினும் கடன்பட்டோர் அனைவரையும் ஒரு தட்டில் நிறுத்துதல் தகாது. தம் கூலியும் அன்றன்றே கரைந்துபோக, கையில் காகிதமன்றி வேறொன்றும் இல்லாதவர் அக்காகிதத்தையே கொடுத்தார். அவர் அளவையைச் சுருக்கவில்லை, சுருங்கியதால் செழிக்கவும் இல்லை. வீடும் நிலமும் ஆலையும் மதிப்புக் குன்றாது நிற்க, காகிதத்தால் கடனைத் தீர்க்க விரைந்தவர் நிலை வேறு. நாளை நாணயம் இன்னும் தேயும் என்று அறிந்தே கடன் வாங்கிச் சொத்துச் சேர்த்தோரும் இருந்தனர். களவைச் சொல்லுமிடத்தும் ஆசாரியர் பிரமத்த யோகத்தை, அதாவது விழிப்பற்ற மனத்தின் செயலை, அடிப்படையாகக் கொள்வதால் இவ்வேறுபாடு நம் சமயத்திற்குப் புதிதன்று.

வியப்பு என்னவெனில், அந்நாட்டு நீதிபதிகளும் ஏறக்குறைய இவ்விடத்திற்கே வந்து சேர்ந்தனர். 1923 நவம்பர் 28 அன்று லைப்சிக் நகரிலிருந்த உச்ச நீதிமன்றம், அடமானக் கடனை மதிப்பிழந்த காகிதத்தால் தீர்ப்பது நன்னம்பிக்கைக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. ஏட்டிலிருந்த நாணயச் சட்டத்தினும் நேர்மையை மேலாக வைத்த துணிவு அது. அரசு தயங்கியது. 1924-இல் நூற்றுக்குப் பதினைந்து என்றது. 1925 ஜூலைச் சட்டத்தில் அடமானக் கடனுக்கு இருபத்தைந்து என்று உயர்த்தியது. தான் பட்ட கடனுக்கோ அதனினும் மிகக் குறைந்த பங்கையே ஏற்றது.

ஆக, நாம் சொன்ன 10,000 மார்க்குக்கு 2,500 கொடுத்தால் சட்டத்தின் கணக்கு முடிந்தது. எஞ்சிய 7,500-ஐயும் கொடுக்கக்கூடாது என்று எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. அந்த 2,500-ஐக்கூட 1932-க்கு முன் கேட்டுப் பெற இயலாது என்றும் அச்சட்டத்தில் விதித்திருந்தனர். 1913-இல் அறுபது வயதில் கடன் கொடுத்தவருக்கு அப்போது வயது எழுபத்தொன்பது.