தாமதமும் மௌனமும்

கார்ல்ஸ்ரூஹேயிலும் அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் வாழும் எங்களில் பலர் விடிய முன்னரே வேலைக்கு வெளிக்கிடுகிறவர்கள். உணவகச் சமையலறை, முதியோர் இல்லம், பொதிகள் பிரிக்கும் களஞ்சியம் என்று வேலை எங்கே இருந்தாலும் போவது ரயிலில்தான். ரயில் பிந்தினால் சம்பளத்தில் வெட்டு விழும். அல்லது முதலாளியின் முகம் கறுக்கும். எனவே ரயில் பிந்துவதைப் பற்றி யோசிப்பது எங்களுக்கு வெறும் பொழுதுபோக்கல்ல. ஆனால் இங்கே நாங்கள் கேட்க விரும்பும் கேள்வி தாமதத்தைப் பற்றியதும் அல்ல. பிந்துகிறது என்பதைக் காத்திருப்பவருக்குச் சொல்வது ஒரு மரியாதையா, அல்லது அவருக்குக் கொடுக்க வேண்டிய கடனா? இதுதான் கேள்வி.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு பனிக்கால விடியல். எங்களில் ஒருவர் சென்ற ரயில் இரண்டு நிலையங்களுக்கு நடுவே, வயல்வெளியில் நின்றுவிட்டது. பத்து நிமிடம் போயிற்று. ஒரு குரலும் இல்லை. நாட்டுக்கு வந்து சில மாதங்களே ஆன அவருக்கு டொச் மொழி பிடிபடவில்லை. அகதி விண்ணப்பம் செய்தவர் தன் மாவட்டத்தை விட்டு அனுமதியின்றி வெளியே போகக்கூடாது என்பது அன்றைய சட்டம். (2015 இல்தான் அது பெருமளவு தளர்த்தப்பட்டது.) அனுமதிக் கடதாசி அவரிடம் இருக்கவில்லை. தன்னைப் பிடிக்கத்தான் பொலிஸ் ரயிலை மறித்திருக்கிறது என்று அவர் நம்பினார். மற்ற எல்லோருக்கும் காரணம் தெரியும், தனக்கு மட்டுந்தான் தெரியாது என்றும் நம்பினார். கடைசியில் பக்கத்தில் இருந்த அம்மையாரிடம் சைகையால் கேட்டபோது அவர் தோளைக் குலுக்கினார். அவருக்கும் தெரியாது. அந்தப் பெட்டியில் இருந்த ஒருவருக்குமே தெரியாது. இருபத்தைந்து நிமிடம் கழித்து ரயில் தானாக நகர்ந்தது.

இதை அவர் சிரிப்புக் கதையாகவே எங்களுக்குச் சொன்னார். ஆனால் அந்த இருபத்தைந்து நிமிடப் பயத்தை உண்டாக்கியது எது? தாமதமா? இல்லை. சிக்னல் பழுதாகலாம், தண்டவாளத்தில் மரம் விழலாம், முன்னால் போன ரயில் நின்றிருக்கலாம். அவை நேர்பவை. சொல்லாமல் விடுவது அப்படியல்ல. அது ஒருவர் செய்வது, அல்லது செய்யத் தவறுவது. அதற்கு மட்டுந்தான் அறத்தின் கணக்கில் இடம் உண்டு.

இப்படிச் சொன்னவுடன் சாரதியின் மீது பழி போடத் தோன்றும். அது நியாயமல்ல. கார்ல்ஸ்ரூஹேயின் ரயில் ஒழுங்கு உலகமெங்கும் பேசப்பட்ட ஒன்று. 1992 செப்டெம்பர் 25 ஆம் திகதி, நகரத் தெருக்களில் ஓடும் ட்ராம் வண்டியே பெரிய ரயில் பாதையில் ஏறி பிரெற்றன் வரைக்கும் போகத் தொடங்கியது. தெருவில் அது 750 வோல்ற் நேர்மின்னோட்டத்தில் ஓடும். பெரும்பாதையில் 15,000 வோல்ற் மாறுமின்னோட்டத்தில் ஓடும். தெருவில் ட்ராமுக்கான விதிகள். பாதை மாறியதும் ரயிலுக்கான விதிகள். பயணிக்கு அது ஒரே வண்டி. ஆனால் அதை வழிநடத்துகிற கட்டுப்பாட்டு அறைகள் வேறு வேறு. சாரதியின் கண்ணுக்குத் தெரிவது சிவப்பு விளக்கு மாத்திரம். அது ஏன் சிவப்பாய் இருக்கிறது என்பதை அறிந்தவர் எங்கோ ஒரு அறையில் பழுதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். அறிந்தவருக்குப் பயணியின் முகம் தெரியாது. பயணியின் முன்னால் இருப்பவருக்கு விபரம் தெரியாது. மௌனம் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் உண்டாகிறது, கெட்ட மனத்தில் அல்ல.

சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது? ஐரோப்பிய ஒன்றியம் 2007 இல் ரயில் பயணிகளின் உரிமைகளுக்கென ஒரு ஒழுங்குவிதியைக் கொண்டுவந்தது. அது 2021 இல் திருத்தி எழுதப்பட்டு, 2023 ஜூன் 7 முதல் நடைமுறையில் உள்ளது. ஒரு மணித்தியாலம் பிந்தினால் கட்டணத்தில் கால்வாசி, இரண்டு மணித்தியாலம் பிந்தினால் அரைவாசி திரும்பக் கிடைக்கும் என்பது அதன் பொது விதி. தாமதம் ஏற்பட்டால் நிலைமையையும் எதிர்பார்க்கும் நேரத்தையும் பயணிகளுக்கு அறிவிக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. ஆனால் அந்தத் தகவல் கிடைத்தவுடன் அறிவித்தால் போதும். எங்கள் கேள்வி இங்கேதான் நிற்கிறது. தகவல் கிடைக்காத வரைக்கும் கடன் ஒன்றும் இல்லையா?

இல்லை என்று சொல்பவர்களிடமும் காரணங்கள் உண்டு. பிழையான தகவலைச் சொல்வதைவிடச் சும்மா இருப்பது மேல் என்பார்கள். சனம் பதறும் என்பார்கள். பழுதைத் திருத்துவதா, மைக்கில் கதைத்துக்கொண்டிருப்பதா என்றும் கேட்பார்கள். முதலாவது காரணத்தில் உண்மை இருக்கிறது. 'ஐந்து நிமிடம்' என்று சொல்லிச் சொல்லியே ஒரு மணித்தியாலம் நிறுத்தி வைக்கப்பட்டவர்கள் அடுத்த முறை எதையும் நம்ப மாட்டார்கள். ஆனால் பொய்க்கும் மௌனத்துக்கும் நடுவே மூன்றாவது ஒன்று இருக்கிறது. 'இன்னும் தெரியவில்லை, பத்து நிமிடத்தில் மறுபடியும் சொல்கிறேன்' என்பது அது. இதைச் சொல்ல எந்தத் தகவலும் தேவையில்லை. வெளியே இருப்பவரை நினைத்துப் பார்த்தால் போதும். இதைக் கேட்டவர் வேலைத்தலத்துக்கு ரெலிபோன் எடுக்கலாம், பிள்ளைகள் பராமரிப்பு நிலையத்துக்குச் சொல்லலாம், நித்திரை கொள்ளலாம். தன் நேரத்தை என்ன செய்வது என்ற முடிவு அவருடைய கைக்குத் திரும்பி வருகிறது. சனம் பதறுவது பெரும்பாலும் தெரியாமையால்தான் என்பதற்கு எங்கள் நண்பரே சாட்சி.

2017 ஆகஸ்ட் 12 ஆம் திகதி, கார்ல்ஸ்ரூஹேக்குத் தெற்கே ராஸ்ரற்றில், சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்த இடத்துக்கு மேலே இருந்த தண்டவாளம் தாழ்ந்துபோயிற்று. பாசல் நோக்கிச் செல்லும் பெரும்பாதை மூடப்பட்டது. ராஸ்ரற்றுக்கும் பாடன் பாடனுக்கும் இடையில் பயணிகளை பஸ்ஸில் ஏற்றிச் சென்றார்கள். ஒக்ரோபர் 7 இல் திறப்போம் என்று அறிவித்தார்கள். ஒக்ரோபர் 2 இலேயே திறந்தார்கள். விபத்துக்கு யார் பொறுப்பு என்பது வேறு கதை. ஆனால் ஒரு திகதி கையில் கிடைத்த பிறகு, ஆட்கள் அதற்கேற்பத் தங்கள் நாட்களை ஒழுங்குபடுத்திக்கொண்டார்கள். நீண்ட தாமதத்தையும் மனிதர் தாங்குவார்கள். அளவு தெரியாத தாமதத்தைத் தாங்குவதுதான் கடினம்.

எண்பதுகளில் வந்த எங்களுக்கு கார்ல்ஸ்ரூஹே என்பது முதலில் ஒரு ஊரின் பெயராக இருக்கவில்லை. தீர்ப்பு வருகிற இடத்தின் பெயராகவே இருந்தது. அரசியலமைப்பு நீதிமன்றம் இங்கேதான் இருக்கிறது. 1989 ஜூலை 10 இல், உள்நாட்டுப் போரிலிருந்து தப்பி வந்த தமிழ் அகதிகளின் வழக்கில், எது அரசியல் துன்புறுத்தல், நாட்டுக்குள்ளேயே ஒதுங்க வேறு இடம் இருந்ததா என்ற கேள்விகளுக்கு அது விளக்கம் சொன்னது. அதே நீதிமன்றம் 1983 டிசெம்பர் 15 இல், குடிசன மதிப்பீடு பற்றிய வழக்கில், தன்னைப் பற்றி யாருக்கு என்ன தெரியும் என்பதை அறிய முடியாத மனிதன் சுதந்திரமாக முடிவெடுக்க முடியாது என்ற கருத்தை நிலைநாட்டியது. அந்த வழக்குக்கும் ரயிலுக்கும் தொடர்பில்லைத்தான். ஆனால் தன் நிலைமையை அறிவதும் தன் முடிவைத் தானே எடுப்பதும் ஒன்றோடொன்று கட்டுண்டவை என்ற அந்த எண்ணம், வயல்வெளியில் நிற்கும் ரயிலுக்கும் பொருந்தும் என்றே எங்களுக்குப் படுகிறது.

இதற்கு மேல் எங்களால் ரயிலோடு மட்டும் நிற்க முடியவில்லை. யாழ்தேவி 1990 ஜூனில் யாழ்ப்பாணத்துக்கு ஓடாமல் நின்றது. 2014 ஒக்ரோபர் 13 இல்தான் மீண்டும் போய்ச் சேர்ந்தது. அந்த ரயிலுக்காவது ஒரு நாள் முடிவு வந்தது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவோரத்தில் அமர்ந்தார்கள். அவர்கள் கேட்டவற்றுள் முதன்மையானது ஒரு பதில். பலர் அந்தப் பதில் கிடைக்காமலே செத்துப்போனார்கள். பிந்திய ரயிலையும் அந்தத் துயரத்தையும் ஒரே தராசில் வைக்க நாங்கள் வரவில்லை. ஆனால் காத்திருப்பவருக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை என்ற மனப்பழக்கம், சிறிய இடங்களில்தான் முதலில் பழகப்படுகிறது.

அந்தச் சிறிய இடங்களில் எங்கள் வீடுகளும் அடக்கம். ஊரிலிருந்து தம்பி கேட்கிறான், 'அண்ணை, என்ர அலுவல் என்ன மாதிரி?' 'பார்ப்பம்' என்கிறோம். வழியில்லை என்பது எங்களுக்குத் தெரியும். அல்லது ஒன்றுமே தெரியாது. இரண்டையும் சொல்வதில்லை. அவன் மனம் நோகும் என்று எங்களுக்கு நாங்களே சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். அந்தப் 'பார்ப்பம்' என்ற ஒரு சொல்லை நம்பிப் படிப்பையும் கலியாணத்தையும் தள்ளிப்போட்டு இருந்தவர்களை நாங்கள் அறிவோம்.

பின்னொரு நாள், வேறொரு ரயிலில், நாங்கள் ஒரு சாரதியின் குரலைக் கேட்டோம். ஏன் நிற்கிறோம் என்று தனக்கும் தெரியாது, ஐந்து நிமிடத்தில் திரும்பச் சொல்கிறேன் என்றார். ஐந்து நிமிடத்தில் வந்து, இன்னும் தெரியாது என்றார். பெட்டியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒருவர் பாண் பொதியை அவிழ்த்தார். ரயில் நின்ற இடத்திலேயே நின்றது. ஆனால் எங்களில் யாரும் அன்று பயப்படவில்லை. அடுத்த முறை ஊரிலிருந்து ரெலிபோன் வரும்போது, அந்தச் சாரதி சொன்ன அளவுக்காவது நாங்கள் சொல்ல வேண்டும்.