வளரும் ஆடையும் நம் கருணையும்

மரமும் தோலும் பருத்தியும் ஒருகாலத்தில் உயிரோடிருந்தவையே. ஆயினும் அவை உயிர் நீங்கிய பின்னரே நம் கைக்கு வருகின்றன. ஆதலின் அவை குறித்து நம் நெஞ்சு கலங்குவதில்லை. உயிரோடிருக்கும்போதே ஒன்று பண்டமாயின் நம் நெஞ்சம் என் செய்யும்? இவ்வினா இன்று வெறுங் கற்பனையன்று.

ஆஸ்திரேலியாவில் பணிபுரியும் ஓரான் காட்ஸ், அயோனாட் சுர் என்னும் கலைஞர் இருவர், உயிரணுக்களைக் கண்ணாடிக் கலத்தில் வளர்த்துச் சிறு சட்டையொன்றை உருவாக்கினர். கொலையின்றித் தோலாடை கிடைக்குமா என்னும் கேள்வியை எழுப்புவதே அதன் நோக்கம். 2008-ஆம் ஆண்டில் எலியின் அணுக்களாலான அத்தகைய சட்டை, நியூயார்க் நவீனக் கலைக் கூடத்தில் வைக்கப்பட்டது. உணவுநீர் ஊட்ட ஊட்ட அஃது எதிர்பார்த்ததினும் விரைந்து வளர்ந்தது, கலத்தை அடைக்கலாயிற்று, ஒரு கை கழலத் தொடங்கிற்று. முடிவில் ஊட்டத்தை நிறுத்தி அதனை மடியவிட்டனர். காட்சியை அமைத்த பாவோலா அந்தோனெல்லி அம்மையார், அம்முடிவு தம்மை மிகவும் வருத்தியதென வெளிப்படையாகவே கூறினார்.

அச்சட்டைக்கு மூளையில்லை; நோவறியும் வழியுமில்லை. எனினும் அது வளர்ந்தது. உணவுக்கு ஒருவர் கையை எதிர்பார்த்திருந்தது. நம் இரக்கம் இத்தகைய அடையாளங்களைப் பற்றிக்கொண்டே எழுகின்றது. காளானின் நுண்ணிழைகளைப் பயிர்த்தட்டையில் வளர்த்துப் பொதிபெட்டிகள் செய்கின்றனர். வடிவம் பெற்றபின் சூடேற்றி அவ்விழைகளை மடியச் செய்கின்றனர். அதற்காக வருந்தினவரை நாம் கேட்டதில்லை. பெட்டிக்குச் சட்டையைப்போல் கையில்லை அன்றோ!

அவ்வாறாயின் இரக்கம் பொய்யோ? அன்று. அது வித்து, விளைவு அன்று. கலத்தில் வளரும் அணுக்களுக்கு ஊட்டும் நீரில், கருவிலுள்ள கன்றின் குருதியிலிருந்து எடுத்த ஊநீரைச் சேர்ப்பது நெடுநாள் வழக்கம். கொலையற்றதென்னும் பெயருக்குப் பின்னே கொலை மறைந்திருப்பதை அக்கலைஞர்களே சுட்டிக்காட்டியுள்ளனர். கண்டோர் நெஞ்சம் சட்டைக்கு இரங்கிற்று. கன்றோ காட்சியில் இல்லை.

நம் நாட்டிலும் இஃது உண்டு. செருப்பை விரும்பி வாங்கியோர், அதன் தோலைப் பதனிட்ட கையைத் தீண்ட மறுத்தனர். பண்டத்தின்மேல் விருப்பு, ஆக்கியவர்மேல் அருவருப்பு! நெஞ்சில் எழும் உணர்ச்சியெல்லாம் அறமாகாது என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

ஆகவே, உயிருள்ள பண்டம் நம்முன் வருங்கால் மூன்றைக் கேட்போம்: இதற்கு நோவு உண்டா? இதன் வாழ்வுக்காகக் கண்ணிற்படாமல் நோவுற்றவர் எவர்? இதனை ஊட்டவும் முடிக்கவும் பொறுப்பேற்பவர் எவர்? கருணையும் அறிவும் இணைந்து நடத்தலே பகவன் புத்தர் காட்டிய நெறி. அறிவில்லாக் கருணை அருகிலிருப்பதை மட்டும் தழுவி, அப்பாலுள்ளதை மிதித்துச் செல்லும். கண்ட பொருளுக்கு இரங்கும் நெஞ்சத்தைக் காணாத உயிர்வரை நீளச் செய்வோமாக.