பெயரிடப்படாத பிள்ளை

விருத்தாசலத்துப் பீங்கான் சூளைகளை அடுத்துள்ள மங்களூர் வட்டாரத்தினராகிய நாம் நன்கறிவோம். அங்கே ஒரு கலம் வெடித்துவிட்டால் கைதேர்ந்த தொழிலாளி மண்ணை ஏசுவதில்லை. பிசைந்த மண்ணில் காற்றுத் தங்கியதா, ஈரம் உலருமுன் நெருப்பேற்றினோமா என்றே முதலில் ஆராய்வார். படைத்தவன் தன் கையை முதலில் சோதிக்க வேண்டும் என்னும் இந்த எளிய நெறியை, புகழ்பெற்ற திரைப்படம் ஒன்று மறைத்துவிட்டது.

ஆங்கிலப் பெண்மணி மேரி ஷெல்லி தம் 18ஆம் வயதில் எழுதத் தொடங்கிய 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவல் 1818இல் வெளிவந்தது. விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன் என்னும் இளைஞன் பிணங்களின் உறுப்புக்களைச் சேர்த்து ஓர் உடலை ஆக்கி உயிரூட்டுகிறான். அது கண் திறந்ததும் அதன் கோரத்தைக் கண்டு ஓடிவிடுகிறான். கைவிடப்பட்ட அப்படைப்பு ஒரு குடிசையின் அருகே ஒளிந்திருந்து, உள்ளே பேசுவோரைக் கேட்டே மொழி கற்கிறது; அக்குடும்பத்துக்காக இரவில் விறகு சேர்த்து வைக்கிறது; நூல்களும் படிக்கிறது. பார்வையற்ற முதியவர் ஒருவரே அதனிடம் பரிவுடன் பேசுகிறார். கண்ணுடையோர் அடித்து விரட்டுகின்றனர். அதன் பின்னரே அது கொலைக்குத் துணிகிறது. தன்னை ஆக்கியவனை நேரில் கண்டு, அவனது கடமையை நினைவூட்டி வழக்கும் உரைக்கிறது.

1931இல் ஜேம்ஸ் வேல் இயக்கத்தில் ஹாலிவுட் இதனைப் படமாக்கியது. தட்டைத் தலையும் கழுத்து முளைகளுமாக உலகெங்கும் பரவிய உருவம், அதில் போரிஸ் கார்லாஃப் ஏற்ற வேடமே. வெளிச்சத்தை நோக்கி அவர் கைகளை நீட்டும் காட்சியில் ஒரு குழந்தையின் ஏக்கம் தெரிகிறது. ஆயினும் அப்படம் இரண்டு மாற்றங்களைச் செய்தது. படைப்பின் பேச்சைப் பறித்து, உறுமலை மட்டும் விட்டு வைத்தது. உதவியாள் நல்ல மூளை இருந்த கண்ணாடிக் குடுவையைத் தவறவிட்டு, குற்றவாளி ஒருவனின் மூளையை எடுத்து வருவதாகவும் காட்டியது. குற்றம் சாட்ட நாவில்லை. குற்றத்துக்கோ மூளையே காரணம். ஆக்கியவன் தப்பிவிட்டான்! 2025இல் கியெர்மோ தெல் தோரோ எடுத்த படம் அந்த நாவைத் திருப்பித் தந்தது.

கைவிடப்பட்டவன் கொலை செய்தால் அவன் நிரபராதியா என்று கேட்கலாம். அல்லன். நாவலில் அது ஒரு சிறுவனையும் கொல்கிறது. அந்தப் பாவம் அதனுடையதே. ஆனால் செய்தவனின் கணக்கு, வளர்க்க மறுத்தவனின் கணக்கைத் தீர்த்துவிடாது. இரண்டும் தனித்தனியே விசாரிக்கப்படும்.

நாவலில் அப்படைப்புக்குப் பெயரே இல்லை. 1931 படத்தின் தொடக்கப் பட்டியலிலும் அவ்வேடத்துக்கு நேரே ஒரு கேள்விக்குறியே நின்றது. பிள்ளைக்கு ஏழாம் நாளில் பெயர் சூட்டி அகீகா கொடுக்கும் நமக்கு இதன் கொடுமை விளங்கும். பெயரிடுவது, 'நீ எம்முடையவன்' என்று ஊரறிய ஏற்பதன்றோ?

எல்லாக் குழந்தைகளும் தூய இயல்பில் பிறப்பதாகவே நபிமொழி கற்பிக்கிறது. ஆயினும் நம் வீடுகளிலும் வகுப்பறைகளிலும், "இவன் பிறவியே இப்படி", "மாமனின் மூளை இவனுக்கு" என்னும் சொற்கள் தாராளமாகப் புழங்குகின்றன. அதுவும் அந்த உடைந்த குடுவைக் கதையே. அடங்காத பிள்ளை என்று ஒருவனைத் தள்ளிவைக்குமுன், அவன் பேச நாம் இதுவரை எத்தனை நாழிகை செவி கொடுத்தோம் என்று எண்ணிப் பார்ப்போம்.